நண்பகல் வெயில் நம் வண்டிகளுக்கு வேண்டும்!

தீவகத்துத் தோழர்களே! ஆட்டோச் சாரதிகளே, கடற்றொழிலாளர்களே, இறங்குதுறையில் சுமை ஏற்றும் தம்பிமாரே!

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் வெயிலிலும் காற்றிலும் மின்சாரம் எடுக்கும் திட்டத்துக்கு 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தானது. இந்தியா தரும் 1.1 கோடி டொலர் நன்கொடை அது. சூரியசக்தி 1,700 கிலோவாட், காற்றாலை 530 கிலோவாட், 2,400 யூனிட் சேமிக்கும் மின்கலத் தொகுதி என்று திட்டம் சொல்கிறது. வீட்டு விளக்கோடும் மின்விசிறியோடும் இது நின்றுவிடக் கூடாது. நம் வண்டிகளும் இதே மின்சாரத்தில் ஓட அரசாங்கம் வழி செய்ய வேண்டும். அதைக் கேட்க வேண்டிய நேரம் இதுதான்.

2022 இன் எரிபொருள் தட்டுப்பாட்டை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். கியூஆர் அட்டை வந்தபோது முச்சக்கர வண்டிக்கு வாரம் 5 லீற்றர் பெற்றோல். அந்த ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயாக ஏறியது. வலையும் படகும் கரையில் கிடந்தன. பெருநிலத்தில் இருப்பவன் அடுத்த ஊர் நிரப்பு நிலையத்துக்காவது போகலாம். நமக்கோ ஒவ்வொரு லீற்றரும் படகேறிக் கடல் கடந்து வர வேண்டும். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை.

தேசிய மின்வலைப் பின்னலின் கம்பி நம் தீவுகளுக்கு வரவில்லை. டீசல் இயந்திரம் ஓடினால்தான் வெளிச்சம். அதனாலேயே இந்தப் புதிய திட்டத்தில் நமக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது, கவனமாகக் கேளுங்கள். தனித்து நிற்கும் தீவில், நண்பகலில் மின்கலம் நிறைந்த பிறகு வரும் வெயிலை வெளியே அனுப்ப வழியில்லை. தகடுகளின் உற்பத்தியைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். பெரிய வலைப்பின்னலிலேயே இது நடந்தது: 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில் கூரைச் சூரியத் தகடுகளை நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே மக்களைக் கேட்டது. மூன்று சிறு தீவுகளில் வீணாகப் போகும் வெயில் எவ்வளவு இருக்கும்! அந்த நேரத்தில் நம் ஆட்டோக்கள் இறங்குதுறை நிழலில் அடுத்த படகுக்காகக் காத்து நிற்கின்றன. அங்கேயே மின்னேற்றினால் என்ன?

மாலையில் வீடுகளுக்கு மின்சாரம் போதாமல் போகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அஞ்சுவது நியாயம், ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோவாட் தகடு நம் வெயிலில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் தரும். 1,700 கிலோவாட்டுக்கு 6,000 யூனிட்டுக்கு மேல் வரும். மூன்று தீவுகளிலும் சேர்த்து 100 ஆட்டோக்கள் தினம் 5 யூனிட் வீதம் ஏற்றினாலும் 500 யூனிட்தான். பன்னிரண்டில் ஒரு பங்கு, அதுவும் பகலில் மட்டும். 5 யூனிட்டில் ஒரு மின் ஆட்டோ 60 கிலோமீற்றர் ஓடும். நெடுந்தீவின் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு 12 கிலோமீற்றர் கூட இல்லை, மேடு பள்ளமும் இல்லை. கோட்டையையும் குதிரைகளையும் பார்க்க வருபவர்களை நாள் முழுக்க ஏற்றி இறக்கினாலும் போதும்.

தடை வெயிலில் இல்லை, பணத்தில் இருக்கிறது. பழைய பெற்றோல் ஆட்டோவை மின்சாரத்துக்கு மாற்ற நாளாந்தம் உழைத்து உண்பவனிடம் முதல் எங்கே? அரசாங்கம் மாற்றுச் செலவில் ஒரு பங்கை மானியமாகத் தர வேண்டும், மீதியைக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக வட்டியில்லாக் கடனாகத் தர வேண்டும். இறங்குதுறைகளில் மின்னேற்றும் நிலையங்களை அரசே கட்ட வேண்டும். பகல் நேரக் கட்டணம் குறைவாக இருக்க வேண்டும். பழுது பார்க்க நம் பிள்ளைகளையே பயிற்ற வேண்டும், இல்லாவிட்டால் ஒரு சிறு கோளாறுக்கும் வண்டியைப் படகில் ஏற்றி யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டி வரும். கரையோரத் தொழிலுக்கு மின் இயந்திரப் படகுகளையும் பரீட்சித்துப் பார்க்கட்டும். 2030 இல் நாட்டின் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்கதாக இருக்கும் என்று சொன்ன அரசுக்கு இது பெரிய காரியமா?

இதே திட்டம் 2021 இல் ஒரு சீன நிறுவனத்துக்குப் போனது. இந்தியா எதிர்த்தது, அந்த ஆண்டு முடிவதற்குள் நின்றது. பிறகு ஒப்பந்தம் வர 2024 ஆனது. அந்த இழுபறி முழுவதும் வல்லரசுகளின் பாதுகாப்பைப் பற்றிய பேச்சுத்தான். நம் பிழைப்பைப் பற்றி நாம்தான் பேச வேண்டும்.

தோழர்களே, சங்கம் சங்கமாகக் கூடுங்கள். ஆட்டோச் சங்கமும் கடற்றொழிலாளர் சங்கமும் ஒரே மனுவில் கையெழுத்திடட்டும். நெடுந்தீவு, வேலணை, ஊர்காவற்றுறைப் பிரதேச செயலகங்களில் அதை நேரில் கொடுங்கள். அடுத்த ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில் உங்கள் நாடாளுமன்ற உறுப்பினரை எழுந்து பேச வையுங்கள். எழுத்தில் பதில் வரும் வரை விடாதீர்கள்!