பிள்ளை வக்கீலாக வேண்டுமா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்!



மலாயாவில் பிரிட்டிஷ் அரச சாசனத்தின் கீழ் வந்த முதல் நீதிமன்றம் நம் பினாங்கில்தான் அமைந்தது. 1807-ல் பிரிட்டிஷ் அரச சாசனம் அதற்கு வழி செய்தது. இன்றைய உயர் நீதிமன்றம் லைட் ஸ்திரீட்டில் இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் குயின் ஸ்திரீட் மகா மாரியம்மன் கோயில் வாசலிலிருந்து நடந்தே போய்விடலாம்.

இவ்வளவு பக்கத்தில் இருந்தும், நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு வழி கேட்டுப் போகிறவர்களாகவே நம்மில் பலர் அந்த வாசலைப் பார்த்திருக்கிறோம். இந்நாட்டு இந்தியர்களில் வக்கீல்களே இல்லையா என்று சிலர் கேட்கலாம். இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். நாம் கேட்பது வேறு கேள்வி. லோரி ஓட்டுகிறவர் வீட்டிலிருந்து எத்தனை பேர்? மார்க்கெட் ஸ்திரீட் துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை செய்யும் அம்மாவின் வீட்டிலிருந்து எத்தனை பேர்? பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்க்கிறவர் வீட்டிலிருந்து எத்தனை பேர்?

இது வெறும் கௌரவப் பிரச்சினை அல்ல. 2009-ல் குளுகோர் கம்போங் புவா பாலாவில் என்ன நடந்தது என்பது பினாங்குத் தமிழர்களுக்கு மறந்திருக்காது. தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்த குடும்பங்கள் கூட்டரசு நீதிமன்றம் வரை போய்த் தோற்றன. வீடுகள் இடிக்கப்பட்டன. பல காலம் குடியிருந்தால் மட்டும் நிலம் நம்முடையது ஆகிவிடாது என்பதை வழக்கு வந்த பிறகுதான் பலரும் தெரிந்துகொண்டோம். பக்கத்து வீட்டில் சட்டம் படித்த ஒரு பிள்ளை இருந்திருந்தால், இருபது ஆண்டுகளுக்கு முன்பே "பெரியப்பா, இந்தக் கடிதத்தைச் சும்மா விடக்கூடாது" என்று சொல்லியிருக்கும்.

இன்னொன்றையும் பாருங்கள். ஈப்போவைச் சேர்ந்த பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் மூன்று பிள்ளைகளை, 2009-ல் தந்தை ஒருவராகவே மதம் மாற்றினார். அந்தத் தாய் விடவில்லை. 2018 ஜனவரி 29-ல் கூட்டரசு நீதிமன்றம், தாய் தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒன்பது ஆண்டுகள்! அத்தனை காலமும் கூடவே நின்ற வழக்கறிஞர்கள் இல்லாமல் அந்தத் தீர்ப்பு வந்திருக்குமா?

ஆகவே நம் வீட்டுப் பிள்ளைகள் சட்டம் படிக்க வேண்டும். ஆனால் ஆசை மட்டும் போதாது. மார்க் இருந்தும் தவறான வாசலில் நுழைந்து, பணத்தையும் ஆண்டுகளையும் இழக்கும் ஆபத்து இந்தப் படிப்பில் அதிகம். எந்த வாசல் எங்கே கொண்டுபோய் விடும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும்.

அரசாங்கப் பல்கலைக்கழக வழி

ஏழைக் குடும்பத்திற்கு முதல் வழி இதுதான். மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம், நமக்குப் பக்கத்தில் கெடா சிந்தோக்கில் உள்ள உத்தாரா பல்கலைக்கழகம் ஆகியவற்றில் சட்டப் படிப்பு உண்டு. நம் குளுகோரில் உள்ள அறிவியல் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் இல்லை. வீட்டிலிருந்தே போய்வரலாம் என்ற கணக்கு இங்கே சரிவராது.

விண்ணப்பம் யுபியு வழியாக, இணையத்தில். அதற்கு எஸ்டிபிஎம் நல்ல பாதை. படிவம் 6 அரசாங்கப் பள்ளியிலேயே இருக்கிறது, ஒன்றரை ஆண்டு, மூன்று தவணை. தனியார் கல்லூரிக் கட்டணம் போல் எதுவும் இல்லை. மெட்ரிகுலேஷனில் சட்டத்திற்கென்று தனிப் பிரிவு கிடையாது. "எஸ்டிபிஎம் கஷ்டம்" என்று சொல்லிச் சொல்லியே பிள்ளைகளை டிப்ளோமாவுக்குத் தள்ளிவிடுகிறோம். கஷ்டம்தான். ஆனால் செலவு குறைந்த கஷ்டம்.

இதில் கவனிக்க வேண்டியவை:

1. எஸ்பிஎம் மலாய் மொழியில் கிரெடிட். இது இல்லாமல் அரசாங்கப் பல்கலைக்கழகம் இல்லை. அது மட்டுமல்ல, வழக்கறிஞராகப் பதிவு செய்யும் நாளிலும் மலாய் மொழித் தகுதி கேட்கப்படும். கிரெடிட் தவறியிருந்தால் உடனே மறுபடி எழுதச் சொல்லுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.

2. மியூட் ஆங்கிலத் தேர்வு. சட்டத்திற்கு ஆங்கிலம் உயிர். இதைக் கடைசி நேரத்திற்கு வைக்காதீர்கள்.

3. புறப்பாடம். தகுதிப் புள்ளியில் 90 விழுக்காடு தேர்வு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கை. சங்கம், விளையாட்டு, சீருடை இயக்கம் எல்லாம் "நேர விரயம்" அல்ல. சான்றிதழ்களை ஒரே கோப்பில் பத்திரப்படுத்துங்கள்.

4. நேர்முகத் தேர்வு, ஏற்புத் தேதி, மேல்முறையீட்டுத் தேதி. இடம் கிடைக்காவிட்டால் மேல்முறையீடு செய்ய வழி உண்டு, ஆனால் சில நாட்கள்தான் திறந்திருக்கும். அந்த நாட்களில் பிள்ளை பகுதிநேர வேலைக்குப் போயிருந்தாலும், வீட்டில் யாராவது ஒருவர் தினமும் யுபியு பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும்.

தனியார் கல்லூரி வழி

இங்கேதான் பெரிய பள்ளம் இருக்கிறது. கல்விக் கண்காட்சியில் வண்ணப் புத்தகத்தைக் காட்டி, "எம்கியூஏ அங்கீகாரம் பெற்றது, பிடிபிடிஎன் கிடைக்கும்" என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் எம்கியூஏ அங்கீகாரம் வேறு, வழக்கறிஞர் தொழிலுக்கான அங்கீகாரம் வேறு! வக்கீலாவதற்கு எந்தப் பட்டம் செல்லும் என்பதைச் சட்டத் தொழில் தகுதி வாரியம்தான் முடிவு செய்கிறது. அதன் பட்டியலில் இல்லாத சட்டப் பட்டத்தை வைத்துக்கொண்டு வேறு வேலைக்குப் போகலாம். நீதிமன்றத்தில் நின்று வாதாட முடியாது.

வாரியம் ஏற்கும் பிரிட்டிஷ் பட்டமாக இருந்தாலும் அதோடு முடியவில்லை. பிறகு சிஎல்பி தேர்வு எழுத வேண்டும். 1984 முதல் நடக்கும் இந்தத் தேர்வில் ஐந்து தாள்கள். நான்கு முறைக்கு மேல் எழுத முடியாது. அதற்கும் வகுப்புக் கட்டணம், தேர்வுக் கட்டணம், ஓராண்டு சாப்பாட்டுச் செலவு. மேலே சொன்ன அரசாங்கப் பல்கலைக்கழகங்களின் சட்டப் பட்டத்திற்குச் சிஎல்பி தேவையில்லை. தனியாரில் மலாக்காவில் நடக்கும் மல்டிமீடியா பல்கலைக்கழகச் சட்டப் பட்டமும் அப்படியே.

வேலை பார்த்துக்கொண்டே படிக்க நினைப்பவர்களுக்கு லண்டன் பல்கலைக்கழக வெளிநிலைப் பட்டம் பழைய வழி. குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் இரவில் கண் விழித்துப் படித்து இந்த வழியாக வந்திருக்கிறார்கள். இதற்கும் சிஎல்பி உண்டு. வாரியத்தின் நிபந்தனைகளை முதலில் படித்துவிட்டுச் சேருங்கள்.

ஆகவே, முன்பணம் கட்டும் முன் கல்லூரியிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பட்டம் தகுதி வாரியப் பட்டியலில் இருக்கிறதா? இதன் பிறகு சிஎல்பி எழுத வேண்டுமா? முதல் நாள் முதல் கடைசி நாள் வரை மொத்தச் செலவு எவ்வளவு? பதிலை வாயால் வாங்காதீர்கள், எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். வாரியத்திடமும் நேராகக் கேட்டு உறுதி செய்யுங்கள்.

பட்டத்திற்குப் பிறகு

பட்டம் வாங்கியதும் சம்பளம் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஒன்பது மாதம் ஒரு வழக்கறிஞரிடம் பயிற்சி பெற வேண்டும். சேம்பரிங் என்பார்கள். அந்த மாதங்களில் கிடைக்கும் அலவன்ஸ் குறைவு. அதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பிடிபிடிஎன் கடன், பினாங்கு இந்து அறப்பணி வாரியத்தின் கல்வி உதவி போன்றவற்றுக்கு மனுச் செய்யுங்கள். ஒரே இடத்தை நம்பி உட்கார வேண்டாம்.

இன்னொரு முக்கியமான விஷயம், அடையாளக் கார்டு. சட்டத் தொழில் சட்டம் 1976-ன்படி குடிமகனோ நிரந்தரவாசியோ வழக்கறிஞராகலாம். அதாவது சிவப்புக் கார்டு வைத்திருப்பவருக்கும் அங்கி மறுக்கப்படவில்லை. ஆனால் பிடிபிடிஎன் கடனுக்கு நீலக் கார்டு வேண்டும். அரசாங்கப் பல்கலைக்கழக இடத்திற்கும் அதுதான் நிலைமை. பிறப்புப் பத்திரத்தில் குளறுபடி உள்ள பிள்ளைகளின் பெற்றோர், படிவம் 5 முடியும் வரை காத்திருக்காமல் இன்றே பதிவிலாகாவுக்குப் போங்கள்.

அரசாங்கத்திடம் நம் கேள்வி

இத்தனையும் செய்தாலும் போட்டி சமமாக இருக்கிறதா? இல்லை. ஓராண்டு மெட்ரிகுலேஷன் படித்தவரும் ஒன்றரை ஆண்டு எஸ்டிபிஎம் படித்தவரும் இரு வேறு தேர்வு எழுதிவிட்டு ஒரே பல்கலைக்கழக வாசலில் நிற்கிறார்கள். 2002 முதல் மெட்ரிகுலேஷனில் பூமிபுத்ரா அல்லாதாருக்கு 10 விழுக்காடு என்று ஒதுக்கினார்கள். 2024-ல் 10ஏ எடுத்த எல்லாருக்கும் இடம் என்று அறிவித்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் 10ஏ எடுக்காத, 7ஏ எடுத்த தோட்டத்துப் பிள்ளைக்கு என்ன பதில்? இடம் மறுக்கப்பட்டவருக்கு அவருடைய புள்ளி எவ்வளவு, எந்த இடத்தில் தவறினார் என்று எழுத்துப்பூர்வமாகச் சொல்ல வேண்டும். இது சலுகை அல்ல, நியாயமான கோரிக்கை.

அதே வேளையில், அநியாயம் இருக்கிறது என்று சொல்லி விண்ணப்பிக்காமலே இருப்பது அநியாயத்துக்குத் துணை போவதாகும். குரலும் கொடுப்போம், படிவத்தையும் நேரத்தோடு நிரப்புவோம்.

நம் பினாங்கின் கர்ப்பால் சிங்கை நினைத்துப் பாருங்கள். தந்தை வாட்ச்மேன் வேலை பார்த்து மாடும் மேய்த்தவர். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் முடிக்க மகனுக்கு ஏழு ஆண்டுகள் ஆயின. 1969-ல் வழக்கறிஞரானார். 2014-ல் விபத்தில் மறையும் வரை ஏழைக்காகவும் தூக்குத் தண்டனைக் கைதிக்காகவும் வாதாடினார். காலதாமதம் தோல்வி அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எஸ்பிஎம் முடிவு வந்த வீடுகளில் இன்றிரவே உட்கார்ந்து பேசுங்கள். சட்டம் படித்த அண்ணன்மார்களே, அக்காமார்களே! ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி, கோயில் மண்டபத்திலோ தமிழ்ப்பள்ளியிலோ உட்கார்ந்து நாலு பிள்ளைகளுக்கு யுபியு படிவம் நிரப்பிக் கொடுங்கள். நீங்கள் ஏறிய ஏணியைப் பிடித்துக்கொள்ள அடுத்த பிள்ளைக்கு ஒரு கை தேவை.

சிந்திப்போம், செயல்படுவோம்!