பையன் என்ன ஆவான்? போய்ப் பார்க்க விடுங்கள்!

பரீட்சை முடிந்தாச்சு. பள்ளிக்கூடம் பூட்டியாச்சு. அக்னி நட்சத்திரம் வாசலில் வந்து நிற்கிறது.

சென்னை நகரில் எங்கே திரும்பினாலும் 'சம்மர் கேம்ப்' விளம்பரம்தான். அபார்ட்மெண்ட் கேட்டில் தொங்குகிறது. ஆட்டோ முதுகில் ஒட்டி இருக்கிறது. செல்போனைத் திறந்தால் அங்கேயும் அதே!

முன்பெல்லாம் நீச்சல், கராத்தே, கீபோர்டு, கையெழுத்துப் பயிற்சி என்று இருந்தது. இப்போது புது ரகம் ஒன்று கிளம்பி இருக்கிறது. அதற்குப் பெயர் 'கேரியர் கேம்ப்'. தமிழில் சொன்னால், தொழில் அறிமுக முகாம்.

"உங்கள் குழந்தை டாக்டரா, பைலட்டா, விஞ்ஞானியா? ஐந்தே நாளில் தெரிந்து கொள்ளுங்கள்!" இதுதான் விளம்பரத்தின் தோரணை. கட்டணம் ஆயிரக்கணக்கில்!

எண்ணம் நல்ல எண்ணம். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. 13, 14 வயசுப் பிள்ளைகள் நாலு தொழிலைக் கண்ணால் பார்க்க வேண்டும். நாலு பேரிடம் வாய் விட்டுக் கேட்க வேண்டும். அதற்கு விடுமுறையை விட நல்ல நேரம் கிடையாது.

ஆனால் நடப்பது என்ன?

ஏ.சி. ஹாலில் உட்கார வைத்துப் படம் காட்டுகிறார்கள். வெள்ளைக் கோட்டை மாட்டி, கழுத்தில் ஸ்டெதஸ்கோப்பைத் தொங்க விட்டு போட்டோ பிடிக்கிறார்கள். கடைசி நாளில் ஒரு சர்டிபிகேட். அப்பாவும் அம்மாவும் கை தட்டுகிறார்கள். பையன் ஒரு ஆஸ்பத்திரி வார்டைப் பார்த்தானா? இல்லை. இரவு டியூட்டி பார்க்கும் நர்சிடம் ஒரு வார்த்தை பேசினானா? அதுவும் இல்லை.

கைரேகை வியாபாரம்

இதை விட மோசம் ஒன்று உண்டு. பத்து விரலையும் கம்ப்யூட்டரில் வைக்கச் சொல்கிறார்கள். ரேகையைப் பார்த்து, 'இந்தப் பிள்ளைக்கு என்ஜினீயரிங் வரும், இந்தப் பிள்ளைக்கு ஆடிட்டர் வேலை வரும்' என்று வண்ணப் படம் போட்ட ரிப்போர்ட் கொடுக்கிறார்கள்.

இதற்கு விஞ்ஞான ஆதாரம் எதுவும் கிடையாது. விரல் ரேகை திருடனைப் பிடிக்க உதவும். பிள்ளைக்குப் படிப்பைத் தேர்ந்தெடுக்க உதவாது. மரத்தடியில் கிளி ஜோசியம் பார்ப்பவராவது பத்து இருபது ரூபாயோடு விட்டு விடுகிறார்!

படித்த பெற்றோர்களே இதில் போய் விழுகிறார்கள். காரணம், பயம். பிள்ளை தப்பான படிப்பில் சேர்ந்து விடுவானோ என்ற பயம். அந்தப் பயம் நியாயமானதுதான்.

15 வயசில் பூட்டும் கதவு

தமிழ்நாட்டில் ஒரு பிள்ளையின் தலைவிதி எப்போது நிர்ணயம் ஆகிறது? பிளஸ்–டூவில் அல்ல. பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்து, பிளஸ்–ஒன்னில் 'எந்த குரூப்?' என்று கேட்கிறார்களே, அந்த ஒரு வாரத்தில்!

பயாலஜி எடுக்காத பிள்ளைக்கு 'நீட்' எழுதி டாக்டர் ஆவது ரொம்பக் கஷ்டம் ஆகி விடுகிறது. கணக்கை விட்ட பிள்ளைக்கு என்ஜினீயரிங் காலேஜ் கதவு திறப்பது கஷ்டம். பாலிடெக்னிக்கா, ஐ.டி.ஐ.யா என்பதும் அதே வாரத்தில்தான் முடிவாகிறது.

அந்த முடிவை எதை வைத்து எடுக்கிறார்கள்? மார்க்கை வைத்து. அல்லது பக்கத்து வீட்டுப் பையன் எடுத்த குரூப்பை வைத்து. அல்லது "அந்த குரூப் ஃபுல்" என்று பள்ளிக்கூடத்தில் சொல்வதை வைத்து.

வியாசர்பாடியிலோ காசிமேட்டிலோ ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒன்றைக் கூப்பிட்டு, 'என்னவா ஆகப் போறே?' என்று கேட்டுப் பாருங்கள். டாக்டர், கலெக்டர், போலீஸ், டீச்சர், ஐ.டி. கம்பெனி. அதற்கு மேல் பெரும்பாலும் பட்டியல் நீளாது. பிள்ளை மேல் தப்பு இல்லை. சினிமாவிலும் வீதியிலும் கண்ணில் பட்டது அவ்வளவுதான்.

அதே பிள்ளை பெரிய ஆஸ்பத்திரிக்குப் பாட்டியை அழைத்துப் போயிருக்கும். எக்ஸ்ரே எடுத்தவர் என்ன படித்தார்? ரத்தம் சோதிப்பவர் யார்? டயாலிசிஸ் மிஷினை ஓட்டுபவருக்கு என்ன பெயர்? மயக்க மருந்து டாக்டர் பக்கத்தில் நிற்கும் டெக்னீஷியன் எங்கே பயிற்சி எடுத்தார்? யாரும் சொல்லிக் கொடுத்தது இல்லை. 'டாக்டர் சீட் கிடைக்கலே, எல்லாம் போச்சு' என்று 17 வயசில் மூலையில் உட்காரும் பிள்ளைக்கு, ஒரே கட்டடத்தில் இருபது வேலை இருப்பது தெரியாது.

1953ஐ மறக்கக் கூடாது

பள்ளிப் பிள்ளைக்குத் தொழிலைக் காட்டுவது என்றாலே தமிழ்நாட்டில் ஒரு பழைய புண் வலிக்கும். வலிக்கத்தான் வேண்டும்.

1953ல் ராஜாஜி முதல்–மந்திரியாக இருந்தபோது ஒரு திட்டம் கொண்டு வந்தார். பாதி நேரம் பள்ளிக்கூடம். மீதி நேரம் வீட்டில் அப்பன் செய்யும் தொழிலைப் பழக வேண்டும். 'குலக்கல்வி' என்று நாடே கொதித்தது. பெரியார் எதிர்த்தார். தி.மு.க. எதிர்த்தது. காங்கிரசிலேயே எதிர்ப்பு. 1954ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அந்தத் திட்டத்தைக் குழி தோண்டிப் புதைத்தார்.

2020ல் வந்த மத்திய சர்க்காரின் கல்விக் கொள்கையில், 6 முதல் 8ம் வகுப்புப் பிள்ளைகள் 10 நாள் புத்தகப் பை இல்லாமல் தச்சர், தோட்டக்காரர், குயவர் போன்றவர்களிடம் போய்ப் பழகலாம் என்று இருந்தது. தொழிற்கல்வி என்றதும் இங்கே பழைய சந்தேகம் மறுபடி கிளம்பியது. சூடு கண்ட பூனை!

ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். குலக்கல்வி என்ன செய்தது? அப்பன் தொழிலையே பிள்ளைக்குக் காட்டியது. தொழில் அறிமுக முகாம் என்ன செய்ய வேண்டும்? அப்பன் பார்க்காத தொழிலைப் பிள்ளைக்குக் காட்ட வேண்டும். இரண்டும் நேர் எதிர்.

மீனவர் மகள் வானிலை ஆராய்ச்சி நிலையத்துக்குள் நுழைய வேண்டும். டாக்டர் மகன் தச்சுப் பட்டறையில் மரத்தூள் வாசனை பிடிக்க வேண்டும். தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளை ஹைகோர்ட்டில் வாதம் நடப்பதைப் பார்க்க வேண்டும். முகாமுக்குப் பெயர் கொடுக்கும்போதே, 'பெற்றோர் தொழில் இருக்கும் இடத்துக்கு அந்தப் பிள்ளையை அனுப்பக் கூடாது' என்று விதி போட்டு விட்டால் சந்தேகத்துக்கே இடம் இல்லை.

இன்னொரு வேடிக்கையைப் பாருங்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016ல் திருத்தினார்கள். 14 வயசுக்குக் கீழே யாரையும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று வந்தது. நல்லது. ஆனால் ஆபத்து இல்லாத குடும்பத் தொழிலில், பள்ளி விட்ட பிறகும் விடுமுறை நாளிலும் பிள்ளை உதவி செய்யலாம் என்று ஒரு விலக்கும் சேர்ந்தே வந்தது.

அதாவது, மே மாதம் முழுக்க அப்பா கடையில் டீ கிளாஸ் கழுவச் சட்டம் வழி விடுகிறது. பக்கத்துத் தெரு பேக்டரியில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்கத்தான் வழி இல்லை!

கேட்டைத் திறக்கட்டும்

இத்தனைக்கும் சென்னை எப்பேர்ப்பட்ட ஊர்!

பெரம்பூரில் ரெயில் பெட்டித் தொழிற்சாலை. 1955ல் நேரு திறந்து வைத்தது. 'வந்தே பாரத்' ரெயிலின் முதல் வண்டி 2018ல் அங்கேதான் உருவானது. வெல்டர், பிட்டர், எலக்ட்ரீஷியன், பெயிண்டர், டிசைன் என்ஜினீயர் என்று ஒரு பெட்டிக்குப் பின்னால் எத்தனை பேர்! பெரம்பூரில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளே வெளி மதிலைத்தான் பார்த்து இருக்கிறார்கள்.

அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 1948ல் இருந்து. குரோம்பேட்டை என்ற ஊர்ப் பெயரே 'குரோம் லெதர்' கம்பெனியால் வந்தது என்பது அங்கே படிக்கும் எத்தனை மாணவருக்குத் தெரியும்? தோல் என்றால் நாற்றம் என்று மூக்கைப் பிடிப்பவர்கள், அதற்குள் இருக்கும் கெமிஸ்ட்ரியைப் பார்த்தது கிடையாது.

எழும்பூர் மியூசியத்தில் 1930ல் இருந்து ஒரு ரசாயனக் கூடம் இருக்கிறது. பச்சைக் களிம்பு பிடித்த ஐம்பொன் சிலைகளைக் காப்பாற்றும் இடம். கெமிஸ்ட்ரி படித்தால் மருந்துக் கம்பெனிதான் என்று யார் சொன்னது? கே.கே.நகர் அரசு மறுவாழ்வு ஆஸ்பத்திரியில் கால் இழந்தவர்களுக்குச் செயற்கைக் கால் செய்கிறார்கள். அளவு எடுத்து, அச்சு வார்த்து, மாட்டி, நடக்க வைக்கிறார்கள். அதைப் பார்த்த பிள்ளைக்கு பிசிக்ஸ் பாடத்தில் வரும் நெம்புகோல் ஆயுளுக்கும் மறக்காது.

துறைமுகம் இருக்கிறது. பெரிய கப்பலை உள்ளே வழி நடத்தி வருபவருக்கும் 'பைலட்' என்றுதான் பெயர்! கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகள், மெட்ரோ ரெயில் டெப்போ, மாநகர பஸ் பணிமனை. எல்லாம் பஸ் ஏறினால் எட்டும் தூரம்.

முடியாத காரியமா இது? 'இஸ்ரோ' 2019ல் 'யுவிகா' என்று ஒன்றைத் தொடங்கியது. ஒன்பதாம் வகுப்பு மாணவ–மாணவிகளைக் கோடை விடுமுறையில் தன் மையங்களுக்கே வரவழைத்து, தங்க வைத்து, ராக்கெட் வேலையைக் காட்டுகிறது. ரெயில் செலவு முதல் சாப்பாடு வரை 'இஸ்ரோ' கணக்கு. ஆனால் நாடு முழுவதற்கும் சில நூறு இடம். யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஜப்பானில் கோபே நகரம் இருக்கும் ஹியோகோ மாகாணத்தில் 1995ல் பெரிய பூகம்பம். ஆறாயிரம் பேருக்கு மேல் மாண்டார்கள். ஊர் ஒன்று கூடிப் பிள்ளைகளைத் தூக்கி நிறுத்த வேண்டும் என்ற எண்ணம் அங்கே பலமாக எழுந்தது. 1998ல் ஒரு ஏற்பாடு செய்தார்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்து நாள் பள்ளிக்கூடம் போக வேண்டாம். ரொட்டிக் கடை, தீயணைப்பு நிலையம், குழந்தைகள் காப்பகம், வயல் என்று ஊருக்குள் ஓர் இடத்தில் இருந்து வேலையைப் பார்த்துப் பழக வேண்டும். பணக்காரப் பிள்ளைக்குத் தனி முகாம் என்ற பேச்சே இல்லை.

தமிழக அரசு 2022ல் 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கியபோது, மேல் படிப்புக்கு வழி காட்டுவதைப் பள்ளிகளுக்கும் கொண்டு போனது. அந்த வழிகாட்டுதல் வகுப்பறையில் சொல்வதோடு நிற்கக் கூடாது. சொல்வது வேறு. கொண்டு போய் நிறுத்துவது வேறு.

எட்டாம் வகுப்பும் ஒன்பதாம் வகுப்பும் முடித்த மாநகராட்சி, அரசுப் பள்ளிப் பிள்ளைகளை இந்த இடங்களுக்கு அனுப்ப வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்த பிறகு காட்டுவது, கல்யாணம் முடிந்த பிறகு பொண்ணு பார்க்கப் போவது மாதிரி!

எப்படி அனுப்புவது என்பதில்தான் காரியம் இருக்கிறது. 200 பேரை பஸ்சில் அள்ளிப் போய், வரிசையாக நடக்க விட்டு, பிஸ்கெட் கொடுத்து அனுப்புவது முகாம் அல்ல. அது எக்ஸ்கர்ஷன். ஓர் இடத்துக்குப் பத்துப் பதினைந்து பேர் போதும். ஐந்து நாளும் ஒரே இடம். வெயில் ஏறும் முன் காலை 7 மணிக்கு ஆரம்பித்து 11 மணிக்கு விட்டு விடலாம். முதல் நாள் மானேஜர் பேசட்டும். மீதி நாலு நாளும் வேலை செய்கிறவர் பேசட்டும். சம்பளம் எவ்வளவு, முதுகு வலிக்குமா, எந்தப் படிப்பு படித்தால் இங்கே வரலாம், அடுத்த பத்து வருஷத்தில் இந்த வேலை இருக்குமா? எல்லாவற்றையும் பிள்ளைகள் கேட்கட்டும். கசப்பான பதிலும் வரட்டும்.

பொண்ணுங்களை ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும், பசங்களைப் பட்டறைக்கும் என்று பிரித்து அனுப்பினால் கெட்டது காரியம்.

ஒரு முக்கிய விஷயம். பிள்ளைகள் பார்க்கத்தான் வேண்டும். வேலை வாங்கக் கூடாது. ஒரு நட்டைக் கழற்றி மாட்டிப் பார்க்கலாம். பார்சல் கட்ட உட்கார வைத்தால் அந்தக் கம்பெனியின் பெயரை அன்றைக்கே பட்டியலில் இருந்து அடிக்க வேண்டும். 'பயிற்சி' என்ற பெயரில் சும்மா ஆள் பிடிக்கும் வித்தை தமிழ்நாட்டுக்குப் புதுசு அல்ல.

கோடையில் ஸ்பெஷல் கிளாஸ் கூடாது என்று சொல்லும் கல்வித் துறை, 'இதுவும் கிளாஸ்தானே' என்று கேட்கலாம். பரீட்சை கிடையாது. மார்க் கிடையாது. வராத பிள்ளைக்குத் தண்டனை கிடையாது. விருப்பம் உள்ளவர் வரலாம். கூட வரும் வாத்தியார்களுக்கு மாற்று லீவு கொடுத்து விட்டால் முணுமுணுப்பும் அடங்கும்.

செலவு என்று பார்த்தால் பெரிதாக ஒன்றும் இல்லை. காலை டிபன், மோர், ஒரு இன்சூரன்ஸ். அந்த ஐந்து நாளும் பள்ளி பஸ் பாஸ் செல்லும் என்று ஒரு உத்தரவு.

இந்த வருஷ விடுமுறைக்குள் எல்லா இடத்திலும் முடியாமல் போகலாம். பத்து இடத்தில் ஆரம்பிக்கலாம். அடுத்த வருஷம் கடைசிப் பரீட்சைக்கு ஒரு மாதம் முன்னாலேயே, எந்தெந்த இடம், எத்தனை பேர், யாரிடம் பெயர் கொடுப்பது என்ற பட்டியலை ஒவ்வொரு மாநகராட்சிப் பள்ளி நோட்டீஸ் போர்டிலும் ஒட்ட வேண்டும். தமிழில், பெரிய எழுத்தில்!