பழைய எண் 6, புதிய எண் 5

பத்து நாளா இந்தப் பக்கம் தலைகாட்டலை. ஆணி அதிகம்னு நினைச்சிருப்பீங்க. அதெல்லாம் இல்லை மக்களே, சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிட்டேன் :-)

நம்ம லேப்டாப் பத்தித் தெரியுமே. ஜெர்மனிக்கு வந்த புதுசுல, ஊருக்குக் கிளம்பின சீனியர் அண்ணா ஒருத்தர் 120 யூரோவுக்குத் தள்ளிவிட்டுட்டுப் போன கிழவி. ஒரு பக்கம் விண்டோஸ் 10, இன்னொரு பக்கம் உபுண்டு. விண்டோஸ் 11 இதுல ஏறாது. விண்டோஸ் 10க்கும் 2025 அக்டோபர் 14ஓட மைக்ரோசாஃப்ட் ஆதரவை முடிச்சுக்கிட்டாங்க. தீசிஸ் வேலை எல்லாமே உபுண்டுலதான், அங்கேயோ இடம் 2 ஜிபிதான் பாக்கி. சரி, சும்மா கிடக்கிற டி டிரைவைத் தூக்கிட்டு அந்த இடத்தை உபுண்டுக்குக் கொடுப்போம்னு, பென்டிரைவ்ல பூட் பண்ணி ஜிபார்ட்டெட்ல உட்கார்ந்தேன். டி அழிஞ்சது. உபுண்டு இடது பக்கமா நகர்ந்து பெருசாச்சு. கையோட ஸ்வாப்பையும் அழிச்சுப் புதுசா பெருசா போட்டேன். மூணு மணி நேரம் ஓடி 'வெற்றி'ன்னு சொன்னான். ரீஸ்டார்ட்.

கறுப்புத் திரை. 'இது என்ன ஃபைல்சிஸ்டம்னே தெரியலை'ன்னு ஒரு வரி. அடுத்த வரியில 'க்ரப் ரெஸ்க்யூ'ன்னு போட்டுட்டு கர்சர் கண் சிமிட்டிட்டு நிக்குது. உபுண்டு மட்டுமில்லை, விண்டோஸும் வரலை.

உள்ளே இருந்தது பதினோரு நாள் ஓடின சிமுலேஷன் முடிவுகள். பேக்கப்? ஹி ஹி. அடுத்த வாரம் புரொஃபசரோட மீட்டிங்.

ரூம்மேட் எட்டிப் பார்த்துட்டு ஒரே வார்த்தைதான் சொன்னான்: "ஃபார்மட் பண்ணிடு மச்சி. நாப்பது நிமிஷ வேலை."

இந்த வார்த்தையோட எனக்குப் பழைய பகை உண்டு. 2014ல எங்க வீட்டுக் கம்ப்யூட்டர் இப்படித்தான் ஒருநாள் பூட் ஆகாம நின்னுச்சு. அப்பா அதை ஆட்டோல ஏத்தி பக்கத்துத் தெரு கடைக்குக் கொண்டு போனார். சாயங்காலம் பளபளன்னு புது விண்டோஸோட திரும்பி வந்துச்சு. அக்கா கல்யாண போட்டோ ஒண்ணுகூட இல்லை. "பூட் ஆகலைன்னீங்க, இப்ப ஆகுதே சார்"னார் கடைக்காரர். தப்பு சொல்ல முடியாது, கேட்டதைச் செஞ்சு கொடுத்துட்டார்.

என் கட்சி இதுதான்: பார்ட்டிஷனை மாத்தினதும் மெஷின் எழுந்திருக்கலைன்னா, முக்கால்வாசி நேரம் தொலைஞ்சது டேட்டா இல்லை, முகவரி. நிஜமாவே டேட்டாவைத் தொலைக்கிறது அதுக்கப்புறம் பதட்டத்துல நாம பண்ற ஃபார்மட்டு.

சென்னையில வீட்டு வாசல்ல 'பழைய எண் 6, புதிய எண் 5'ன்னு எழுதியிருக்கும் பாருங்க, அதே கதைதான் இங்கேயும். இந்த மாதிரிப் பழைய மெஷின்கள்ல டிஸ்கோட முதல் 512 பைட்தான் எம்பிஆர். அதுல பார்ட்டிஷன் பட்டியலுக்கு 64 பைட்தான், நாலு பேருக்கு மேல எழுத முடியாது. அதனால நாலுல ஒண்ணை எக்ஸ்டெண்டட்னு ஆக்கி, அதுக்குள்ள 5, 6, 7ன்னு குடித்தனம் வைப்பாங்க. என் டி டிரைவ் 5, உபுண்டு 6. நான் 5ஐ இடிச்சதும் 6 வரிசையில முன்னாடி வந்து 5 ஆயிடுச்சு. மெஷின் எழுந்ததும் முதல்ல ஓடுற க்ரப் துண்டுக்கு இது யாரும் சொல்லலை. அது பழைய விலாசத்தைக் கையில வெச்சுக்கிட்டு ஆறாம் நம்பர் வீட்டைத் தேடுது. அந்த நம்பர்ல இப்ப இருக்கிறது ஸ்வாப். வீடு ஒரு செங்கல்கூட இடியலை சாமி!

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அந்தக் கறுப்புத் திரையிலேயே என்னென்ன பார்ட்டிஷன் இருக்குன்னு பட்டியல் கேட்கணும். ஒவ்வொண்ணா எட்டிப் பார்த்து பூட் ஃபோல்டர் எதுல இருக்குன்னு கண்டுபிடிக்கணும். ப்ரிஃபிக்ஸையும் ரூட்டையும் அங்கே திருப்பி, நார்மல் மாட்யூலை ஏத்தி, நார்மல்னு அடிச்சா பழைய மெனு வந்துடும். உபுண்டு உள்ளே போனதும் க்ரப்பை அதே டிஸ்க்ல இன்னொரு தடவை நிறுவிட்டா புது விலாசம் பதிஞ்சுடும்.

நாலே வரிதான். எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. காரணம் கீபோர்டு! லேப்டாப்ல இருக்கிறது ஜெர்மன் கீபோர்டு, க்ரப்புக்குத் தெரிஞ்சது அமெரிக்கக் கீபோர்டு. சமக்குறி போட அக்சென்ட் இருக்கிற கீயை அமுக்கணும். சாய்கோடு வேணும்னா மைனஸ் கீ. அடைப்புக்குறியை மூடணும்னா சமக்குறி போட்டிருக்கிற கீயை ஷிஃப்ட்டோட. எதை அமுக்கினா எது வருதுன்னு பேப்பர்ல எழுதி வெச்சுக்கிட்டு அடிச்சேன்.

பூட் ஆச்சு, ஆனா ஒன்றரை நிமிஷம் எதுக்கோ காத்துக்கிட்டு நின்னுச்சு. அது ஸ்வாப். அழிச்சுப் புதுசா போட்டதுல அதோட அடையாள எண் மாறிடுச்சு, எஃப்எஸ்டேப் ஃபைல்ல பழைய எண்ணே கிடந்தது. அதை மாத்தினதும் சரி. உபுண்டுவை நகர்த்தினேனே தவிர புதுசா போடலை, அதனால அதோட அடையாள எண் மாறலை. பதினோரு நாள் முடிவுகளும் பத்திரம்.

இன்னொரு பிரபல வைத்தியம் உண்டு, விண்டோஸ் பென்டிரைவ் போட்டு ஃபிக்ஸ் எம்பிஆர். அது அந்த முதல் செக்டர்ல இருக்கிற பூட் கோடை விண்டோஸோடதா மாத்தி எழுதிடும். விண்டோஸ் வரும், க்ரப் போயிடும், உபுண்டு தொலைஞ்சுதுன்னு நினைச்சு அதையும் அழிக்கிறவங்க உண்டு. பாவம், அது பாட்டுக்கு அங்கேயேதான் இருக்கும்.

ரூம்மேட் வாதத்துலயும் நியாயம் இல்லாம இல்லை. பேக்கப் இருக்கிறவன் நாப்பது நிமிஷத்துல வேலையை முடிச்சுட்டுத் தூங்கப் போகலாம். நான் விடிகாலை மூணு மணி வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிருந்தேன். பேக்கப் எடுக்காதது முழுக்க என் தப்பு, அதை யார் தலையிலயும் கட்ட முடியாது. ஆனா பேக்கப் இருக்கான்னு கேட்காமலேயே ஃபார்மட்டைச் சொல்றாங்க பாருங்க, அதுதான் எரிச்சல்.

புது மெஷின்கள்ல இந்த நம்பர் குழப்பம் கிடையாது, அங்கே ஜிபிடி. ஆனா அங்கே பூதம் வேற. விண்டோஸ் 11ல பல லேப்டாப்கள்ல டிஸ்க் தானாவே பூட்டப்பட்டிருக்கு, சொந்தக்காரனுக்கே தெரியாம. உபுண்டுவை ஏத்தறதுக்காக செக்யூர் பூட்டை அணைச்சா, அடுத்த தடவை விண்டோஸ் 48 இலக்க ரெகவரி கீ கேட்கும். அது கையில இல்லைன்னா அங்கே நிஜமாவே எல்லாம் போச்சு.

நான் தப்பிச்சதைப் பார்த்து ரூம்மேட்டுக்கும் இப்ப ஆசை வந்திருக்கு. சனிக்கிழமை அவன் லேப்டாப்ல உபுண்டு போடணுமாம். முதல்ல அந்த 48 இலக்கத்தைப் பேப்பர்ல எழுதிட்டு வாடான்னேன்.

"எந்த 48 இலக்கம்?"ங்கறான்.