டியூப்லெஸ் டயர் பஞ்சரை நாமே அடைக்கலாமா?

கேள்வி: 'தக்காளி, கத்திரிக்காய் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகிறோம். போன மாதம் விடியற்காலை 3 மணிக்கு வழியில் டயர் பஞ்சர். கடை திறக்கும்வரை காத்திருந்து போய்ச் சேர்ந்தபோது விலை இறங்கிவிட்டது. பஞ்சர் கிட் வாங்கி வைத்துக்கொண்டு நாமே சரிசெய்ய முடியுமா? அதை அப்படியே ஓட்டலாமா?'
- வாசகர், திண்டுக்கல் மாவட்டம்.

பதில்: முடியும். பழகிய கைக்குக் கால் மணி நேர வேலை. ஆனால், ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது என்பதைப் பார்த்துவிட்டுத்தான் கிட்டையே திறக்க வேண்டும்.

முதலில் உங்கள் டயர் டியூப்லெஸ்தானா என்று பாருங்கள். டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும். சில லோடு வண்டிகளில் டியூப் டயர்தான் இருக்கும். அதில் இந்தக் கிட் உதவாது. வெளியிலிருந்து குத்தினால் உள்ளே இருக்கும் டியூப் மேலும் கிழியும்.

அடுத்து, ஓட்டை. தரையில் படும் பட்டைப் பகுதியின் நடுவில், ஆணி கனத்துக்கு, அதாவது 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் அடைக்கலாம். பக்கவாட்டுச் சுவரிலோ, பட்டை வளைந்து சுவரோடு சேரும் தோள்பகுதியிலோ இருந்தால் தொடவே கூடாது. பட்டைக்கு அடியில் இரும்புக் கம்பி வலை இருக்கிறது. திரியைக் கவ்விப் பிடிப்பதற்கு அங்கே கெட்டியான ரப்பரும் உண்டு. பக்கச் சுவரில் அந்த வலை இல்லை. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கார் டயர் நிமிடத்துக்குச் சுமார் 500 தடவை சுற்றும். ஒவ்வொரு சுற்றிலும் பக்கச் சுவர் ஒருமுறை அமுங்கி விரியும். அங்கே செருகிய திரி எத்தனை நேரம் நிற்கும்? பின்சக்கரத்தில், முழு லோடில், பைபாஸ் ரோட்டில் அது பிடுங்கிக்கொண்டால் நஷ்டம் தக்காளியோடு போகாது.

இப்போது வேலைக்கு வருவோம். வண்டியை ரோட்டை விட்டு இறக்கி, கெட்டியான தரையில் நிறுத்தி, நான்கு விளக்கும் மின்னும்படி போட்டு, மற்ற சக்கரங்களுக்குக் கல் வையுங்கள். ஜாக்கி தேவையில்லை. ஓட்டை கைக்கு எட்டும் இடத்துக்கு வரும்படி வண்டியைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். முன்சக்கரமென்றால் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொள்ளலாம். லோடு வண்டியை, பக்கத்து மண் இளகிய இடத்தில் ஜாக்கியில் தூக்குவதைவிட இது பத்திரம். கிட்டின் பெரிய லாபமே இதுதான் என்பேன்.

ஆணியைக் கண்டதும் பிடுங்காதீர்கள். அதுதான் இப்போதைக்கு மூடி. கிட்டிலுள்ள ஊசியின் காதில் ரப்பர் திரியைக் கோத்து, இரண்டு பக்கமும் சமமாக இழுத்து, சொல்யூஷன் தடவித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். (சொல்யூஷன் பக்கத்தில் பீடி, தீக்குச்சி வேண்டாம்.) பிறகு ஆணியை பிளையரால் இழுங்கள். அது எந்தச் சாய்வில் வருகிறது என்று கவனியுங்கள். அதே சாய்வில், அரம் போல முறுக்குள்ள கம்பியை உள்ளே விட்டு ஏழெட்டு முறை ஏற்றி இறக்க வேண்டும். நல்ல டயரை நாமே குடைவதா என்று பலருக்கு மனசு வராது. இரண்டு முறை விட்டு நிறுத்திவிடுவார்கள். அறுந்த கம்பி முனைகள் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் அவையே திரியை அறுக்கும். மறுநாளே காற்று இறங்குவதற்குப் பெரும்பாலும் இந்த அரைகுறைக் குடைதல்தான் காரணம்.

பிறகு திரி கோத்த ஊசியை அழுத்தி இறக்குங்கள். திரியின் இரண்டு முனையும் விரற்கடை அளவு வெளியே நிற்கும்போது நிறுத்தி, ஊசியைத் திருகாமல், நேராக, சட்டென்று இழுங்கள். திரி உள்ளே தங்கிவிடும். காற்றடித்து, சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வராவிட்டால் மிச்சத் திரியை 3 மில்லிமீட்டர் விட்டு நறுக்குங்கள். ஒட்ட நறுக்க வேண்டாம். காற்றுக்கு பேட்டரியில் ஓடும் சின்ன கம்ப்ரசர் வேண்டும். கால் பம்பும் ஆகும், நேரம்தான் பிடிக்கும். எவ்வளவு காற்று என்பது பெரும்பாலும் டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும். லோடுக்கும் காலி வண்டிக்கும் அளவு வேறு.

அப்படியே ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பஞ்சர் கடையிலும் இதே திரிதான் போடுகிறார்கள், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடுகிறது என்பது உண்மை. ஆனாலும் டயர் கம்பெனிகள் இதைத் தற்காலிக வேலை என்றே சொல்கின்றன. காரணம், உள்ளே யாரும் பார்க்கவில்லை. காற்று இறங்கியது தெரியாமல் கொஞ்ச தூரம் ஓட்டியிருந்தால்கூட பக்கச் சுவர் உள்ளே நசுங்கி, கறுப்பு ரப்பர் தூளாக உதிர்ந்திருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. அந்த டயரில் எத்தனை திரி போட்டாலும் பயனில்லை. அதனால் அன்றைய சரக்கை மெதுவாகக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, டயரைக் கழற்றிப் பார்த்து உள்பக்கம் பேட்ச் ஒட்டும் கடையில் காட்டிவிடுங்கள்.

சீமைக்கருவேல முள்ளுக்கு ஒரு தனி வார்த்தை. அது முனை ஒடிந்து உள்ளேயே நிற்கும். இரண்டு மூன்று நாளில் மெல்லக் காற்று இறங்கும். முள்ளை எடுக்காமல் பக்கத்தில் திரி போட்டுப் பயனில்லை. வேலி வெட்டிய கிளைகளை வண்டிப் பாதையில் போட்டுவைத்தால் முள் பக்கச் சுவரிலும் ஏறும். அதற்குத்தான் கிட்டில் மருந்தே இல்லையே!

ஸ்டெப்னியை விட்டுவிடாதீர்கள். 3.5 டன்னுக்கு மிகாத வண்டிகளில் டியூப்லெஸ் டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் கிட் மூன்றும் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது உண்மைதான். நம் ஊர்ப் பாதைக்கு இரண்டும் வேண்டும். மாதம் ஒருமுறை அதிலும் காற்றுப் பாருங்கள். திறந்த சொல்யூஷன் டியூப் காய்ந்துபோகும். அதை வருடம் ஒருமுறை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: 'டிராக்டர் டயருக்கும் இந்தத் திரியைப் போடலாமா?'
- வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்.

பதில்: நம் பகுதி டிராக்டர், டிரெய்லர்களில் பெரும்பாலும் டியூப் டயர்கள்தான். டியூபைக் கழற்றித்தான் ஒட்ட வேண்டும். பின் டயரில் தண்ணீர் ஏற்றியிருந்தால், கழற்றும் முன் அதைக் கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அந்த எடைக்குத் தக்க ஆளும் ஜாக்கியும் வேண்டும்.