உப்பளத்துக் கால்கள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுவைக்குப் போகிறவர்கள், மரக்காணத்தில் உப்புக் குவியல்களைக் கண்டு வியப்பார்கள். அந்த உப்பை வாரிக் குவித்தவர்களின் கால்களை யாரும் பார்ப்பதில்லை.

பாத்தியில் இறங்கினால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். உப்பு வார வேண்டும். கூடை சுமக்க வேண்டும். ஆணும் பெண்ணும் இப்படியே பாடுபடுகிறார்கள். நாளடைவில் சிலருக்குக் கெண்டைக்காலில் நீல நிறக் குழாய்கள் புடைத்துச் சுருளுகின்றன. "நரம்பு சுருட்டிக்கொண்டது" என்று எண்ணெய் தேய்த்துவிட்டு, மறுநாளும் வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

இது நரம்பு நோய் அல்ல, ரத்தக்குழாய் நோய். காலிலிருந்து இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்களுக்குச் சிரைகள் என்று பெயர். மேலே ஏறிய ரத்தம் கீழே இறங்காதபடி அவற்றினுள் வால்வுகள் தடுக்கின்றன. நெடுநேரம் நிற்கும் வேலை, பல பிரசவங்கள், பரம்பரை முதலியவற்றால் வால்வு பழுதானால், மடை உடைந்த பாத்தி போல் ரத்தம் கீழே இறங்கித் தேங்குகிறது.

மாலையில் கால் கனக்கும், கணுக்கால் வீங்கும், இரவில் கெண்டை பிடித்து இழுக்கும், தோல் அரித்துக் கறுக்கும். இவை எச்சரிக்கைகள். அப்போதே டாக்டரிடம் காட்டினால், காலை உயர்த்தி வைத்துப் படுப்பதும் அழுத்தக் காலுறை அணிவதுமே பலருக்கு வேதனையைக் குறைக்கும். அலட்சியம் செய்தால் கணுக்காலருகே ஆறாத புண் வரும். புண்ணோடு உப்பு நீரில் நிற்பது எவ்வளவு கொடுமை! டாப்ளர் ஸ்கேன் பழுதைக் காட்டிவிடும். ஊசி மருந்து, லேசர், ஆபரேஷன் எனச் சிகிச்சைகளும் உண்டு.

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கூடவே மூச்சுத் திணறினால் உடனே 108-ஐ அழைக்க வேண்டும். நடந்தால் கெண்டை வலித்து, நின்றால் வலி விடுகிறதா? அது தமனி அடைப்பாக இருக்கலாம். பீடியும் சர்க்கரை நோயும் அதற்கு முக்கிய காரணங்கள். டாக்டரைக் கேட்காமல் அந்தக் காலை இறுகக் கட்டக் கூடாது.

வைத்தியம் இருக்கிறது, தொழிலாளிக்கு நேரம்தான் இல்லை. ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். ஆனால் மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை கிடையாது. அந்த மாதங்களுக்கென்று உப்பளத் தொழிலாளர் குடும்பங்களுக்கு 5,000 ரூபாய் நிவாரணம் வழங்க 2022-இல் தமிழக அரசு முன்வந்தது. பாராட்ட வேண்டிய செயல். அதே மாதங்களில் மரக்காணத்தில் கால் பரிசோதனை முகாம் நடத்தினால் என்ன? முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. புதுவை ஜிப்மரும் தொலைவில் இல்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். கூடவே கால்களையும் பார்க்கட்டும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நம் வீட்டுக்கெல்லாம் உப்பிடுகிறவர்கள் இவர்களே அல்லவா?