அலுமினியம் துருப்பிடிக்காது, ஐயா!

ஒருவர் கற்பனை விமானம் ஒன்று செய்கிறார். கடையில் வாங்கிய பெட்டி கிட் அல்ல. பிளாஸ்டிக் ஷீட்டை அறுத்து, ஒட்டி, எம்-சீல் வைத்து அடைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஸ்கெட்ச் பேனா மூடியை எஞ்சின் குழாயாக்கி, மாத்திரை அட்டையின் குமிழை விமானிக்குக் கண்ணாடிக் கூண்டாக்கி, மாதக்கணக்கில் உழைத்துச் செய்தது. சக்கரம் எப்படி உள்ளே மடங்கும், எரிபொருள் எங்கே இருக்கும் என்று ஒவ்வொன்றையும் யோசித்து யோசித்துச் செய்தவர், பெயின்ட் அடிக்கும் நாள் வந்ததும் யோசிப்பதை அடியோடு நிறுத்திவிடுகிறார்.

அதற்கப்புறம் நடப்பது நமக்குத் தெரிந்ததுதான். எல்லாப் பேனல் கோட்டிலும் கறுப்பு வாஷ். எல்லா ஓரத்திலும் ஸ்பாஞ்சால் ஒற்றிய வெள்ளிச் சுரண்டல். மூக்கிலிருந்து வால் வரை ஆரஞ்சு நிறத்தில் துரு ஒழுகல். ஏன் இப்படி என்று கேட்டால், "ரியலிஸ்டிக்கா இருக்கணும்ல?" என்று பதில் வரும்.

சரி, நிஜத்தையே பேசுவோம். இந்த விமானம் எந்த உலோகத்தால் ஆனது? "அலுமினியம்தான், வேற என்ன?" அலுமினியம் துருப்பிடிக்காது, ஐயா! துரு என்பது இரும்பின் சொத்து. அலுமினியம் அரித்தால் வெள்ளையாகப் பொடி பூக்கும், பெயின்ட் கொப்பளித்து உப்பும். ஆரஞ்சு நிறத்தில் ஒழுகாது. டாங்கி மாடல் செய்பவர்கள் எழுதி வைத்த சமையல் குறிப்பை எடுத்து விமானத்தின் மேல் கொட்டினால் இதுதான் கதி. சாம்பார் நன்றாக இருக்கிறதே என்று பாயசத்தில் ஊற்றுவது போல.

அடுத்தது கணக்கு. எட்டாம் வகுப்புக் கணக்குதான், பயப்பட வேண்டாம். மாடல் 1/72 அளவு என்றால், அதன் மேல் 1 மில்லிமீட்டர் சுரண்டல் நிஜ விமானத்தில் 7.2 சென்டிமீட்டர். கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் உரிந்திருக்கிறது என்று அர்த்தம். இறக்கையின் முன் ஓரம் முழுக்க அப்படி நாற்பது, ஐம்பது இடங்களில் உரிந்த விமானத்தை எந்தப் பராமரிப்புப் பொறியாளர் பறக்க விடுவார்? பேனல் கோடும் அப்படியே. நிஜத்தில் 3 மில்லிமீட்டர் இடைவெளி, மாடலில் 0.04 மில்லிமீட்டர். அதைக் கறுப்பு மசியால் அரை மில்லிமீட்டர் அகலத்துக்கு இழுத்தால், நிஜத்தில் இரண்டு விரல் நுழைகிற அகலத்துக்குப் பள்ளம் வெட்டியதாக ஆகும். மழை பெய்தால் விமானி நனைவார்.

இந்த இடத்தில் ஒரு பிரம்மாஸ்திரம் வரும். "இது கற்பனை விமானம்தானே, எப்படி வேணா அடிக்கலாம்!" எனக்கு எரிச்சல் வருவது இந்த வாக்கியத்தைக் கேட்கும்போதுதான். இரண்டாம் உலகப்போர் விமானத்தைச் செய்கிறவருக்குப் பக்கத்தில் புகைப்படம் இருக்கிறது. பார்த்து அடிக்கலாம், தப்பு செய்தாலும் பார்க்கிறவருக்கு அந்த விமானம் ஏற்கெனவே தெரியும், நம்பிவிடுவார். கற்பனை விமானத்துக்கு அந்த வசதி இல்லை. உலகத்தில் இல்லாத ஒன்றை இருந்ததாக நம்ப வைக்க, நம் கையில் இருக்கும் ஒரே சாட்சி அதன் மேல் படிந்திருக்கும் அழுக்குதான். அந்தச் சாட்சியே பொய் சொன்னால் வழக்கு தள்ளுபடி.

நிஜ விமானங்கள் எவ்வளவு விசித்திரமாக அழுக்காகின்றன என்பதைப் பார்த்தால் கற்பனையே வேண்டாம் போலிருக்கும். 1967 அக்டோபர் 3 அன்று எக்ஸ்-15ஏ-2 என்ற அமெரிக்க ராக்கெட் விமானம் ஒலியைப் போல 6.7 மடங்கு வேகத்தில் பறந்தது. அந்த வெப்பத்தைத் தாங்க அதன் உடம்பு முழுக்க ஒரு பூச்சு. அதன் நிறம் என்ன தெரியுமா? ரோஸ்! அதன் மேல் ஒரு வெள்ளை மேற்பூச்சு. வெள்ளை வெளேர் என்று போன விமானம் முனைகள் கருகி, அடித் துடுப்பில் ஓட்டை விழுந்து திரும்பி வந்தது. அதற்குப் பிறகு அது பறக்கவே இல்லை. ரோஸ் நிறத்தின் மேல் வெள்ளை, அதன் மேல் கருக்கல். இப்படி ஒரு மாடலை நாம் செய்து வைத்தால் "இதெல்லாம் எங்கேய்யா நடக்கும்" என்பார்கள்.

எஸ்ஆர்-71 இன்னொரு உதாரணம். உடம்பின் பெரும்பகுதி டைட்டேனியம். வெப்பத்தை வெளியே வீசுவதற்காகவே கறுப்புப் பெயின்ட். பறக்கும்போது சூடாகி விரிய வேண்டும் என்பதால் தரையில் நிற்கும்போது எரிபொருள் தொட்டிகள் கசியும். ஆக, அந்த விமானத்தில் இருக்க வேண்டிய கறை எது? கசிந்த எரிபொருளின் ஈரத் தடம். துரு அல்ல.

எனக்கு மிகவும் பிடித்தது விண்வெளி ஓடம் டிஸ்கவரி. 1984 முதல் 2011 வரை 39 முறை போய் வந்தது. 2012 முதல் வர்ஜீனியாவில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் உட்வர்-ஹேஸி மையத்தில் இருக்கிறது. புகைப்படங்களை உற்றுப் பாருங்கள். அதன் மேல் ஒட்டியிருக்கும் வெப்பத் தடுப்பு ஓடுகள் சுமார் 24,000. பல பயணம் போய் வந்த கறுப்பு ஓடுகள் வெளுத்துச் சாம்பலாகிவிட்டன. நடுவில் புதிதாக மாற்றிய ஓடுகள் மட்டும் கன்னங்கரேலென்று இருக்கின்றன. அதாவது, அங்கே பளிச்சென்று இருப்பதும் தேய்மானத்தின் அடையாளம்தான்! பக்கவாட்டு வெள்ளைப் பகுதியில் காற்று ஓடிய திசையிலேயே சாம்பல் தடங்கள். வளிமண்டலத்துக்குள் எந்தக் கோணத்தில் நுழைந்தது என்பதை அந்தத் தடங்களே காட்டிக் கொடுக்கும். இதில் எந்தச் சமையல் குறிப்பு உங்களுக்கு உதவும்?

"ஸ்டார் வார்ஸ்லயே அப்படித்தானே அடிச்சிருக்காங்க" என்பது அடுத்த வாதம். 1977-இல் வந்த அந்தப் படத்தின் மாடல்கள் எனக்கும் உயிர்தான். டாங்கி, விமானக் கிட்களின் உதிரி பாகங்களை ஒட்டிச் செய்த கப்பல்கள் அவை. ஆனால் அந்தப் பெயின்ட் யாருக்காக அடிக்கப்பட்டது? கேமராவுக்காக. மில்லேனியம் ஃபால்கனின் பெரிய மாடல் ஏறக்குறைய 5 அடி நீளம். திரையில் சில வினாடிகள் வந்து போகிற கப்பல், பழையது என்று அந்தச் சில வினாடியிலேயே தெரிய வேண்டும். எக்ஸ்-விங் விமானங்களில் முதலில் யோசித்த நீல அடையாளங்கள் சிவப்பானதும் இதே காரணத்தால்தான். நீலத் திரைக்கு முன் வைத்துப் படம்பிடித்தால் நீலக்கோடு மாயமாகிவிடும். அதற்கும் முன்பே, 1965-இல் வந்த தண்டர்பேர்ட்ஸ் என்ற பிரிட்டிஷ் தொலைக்காட்சித் தொடரில், சுத்தமான மாடல் திரையில் பொம்மையாகத் தெரியும் என்று டெரெக் மெடிங்ஸ் தன் மாடல்களை அழுக்காக்கினார். அவர்கள் எல்லோருக்கும் ஒரு காரணம் இருந்தது. நாமோ காரணத்தை விட்டுவிட்டு அழுக்கை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதையும் 5 அடி மாடலிலிருந்து 15 சென்டிமீட்டர் மாடலுக்கு அப்படியே இறக்கினோம்.

ஒரு கல்லூரி விழாவில் என் விமானத்தைக் காட்சிக்கு வைத்திருந்தேன். கடலோர ரோந்து ஜெட், 1/72, ஸ்டைரின் ஷீட்டில் செய்தது. பார்க்க வந்த நடுவர், "பரவாயில்லை தம்பி, ஆனா வெதரிங்கே இல்லையே, பொம்மை மாதிரி இருக்கு" என்றார். பரிசு, ஆரஞ்சு ஒழுகிய ஒரு பறக்கும் தகர டப்பாவுக்குப் போனது. (பொறாமைதான், மறைப்பானேன்.)

வெதரிங் இல்லாமலா? கடல் காற்றில் உப்பு அரிக்கும் என்பதால் பராமரிப்பு ஆட்கள் அடிக்கடி கழுவுவார்கள். அரித்த இடத்தைச் சுரண்டி, அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் அடிப்பார்கள். விமானந்தாங்கிக் கப்பல்களில் இருக்கும் சாம்பல் நிற விமானங்கள் திட்டுத் திட்டாகத் தெரிவது இதனால்தான். அதனால் என் விமானத்தில் ஒரே சாம்பலில் நான்கு சாயல் கலந்து, இறக்கை மூட்டுகளைச் சுற்றி ஒழுங்கில்லாத திட்டுகள் வைத்தேன். மெக்கானிக் ஏறி மிதிக்கிற இறக்கையின் அடிப்பகுதியில் மட்டும் வெள்ளி அடித்து, அதன் மேல் ஹேர் ஸ்பிரே, அதன் மேல் அக்ரிலிக் சாம்பல். காய்ந்ததும் தண்ணீர் தொட்ட முரட்டுத் தூரிகையால் மெதுவாகத் தேய்த்தால் மேல் பெயின்ட் தானே உரியும். ரேடார் இருக்கும் மூக்கில் ஒரு புள்ளி வெள்ளிகூட இல்லை. ரேடார் அலை வெளியே போக வேண்டிய மூக்கை உலோகத்தில் செய்ய மாட்டார்கள். (மரத்தாலான மாஸ்கிட்டோ விமானத்தின் உடம்பில் வெள்ளிச் சுரண்டல் வைக்கிற புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.) எரிபொருள் மூடியிலிருந்து பின்னோக்கி ஒரே ஒரு மெல்லிய எண்ணெய்க் கறை. மேல்பக்கம் வெயிலில் வெளுத்திருக்கும், அடிப்பக்கம் வெளுத்திருக்காது. பேனல் கோடுகளுக்குக் கறுப்பு வேண்டாம், அடித்த சாம்பலைவிடக் கொஞ்சம் இருண்ட சாம்பலே போதும்.

இதையெல்லாம் பார்க்க விமானத்தைக் கையில் எடுத்து, வெளிச்சத்தில் திருப்ப வேண்டும். மூன்றடி தூரத்திலிருந்து பார்த்துவிட்டுப் போகிறவருக்குத் தெரியாது. தெரியாததால் அது இல்லை என்று ஆகிவிடுமா?

மிகைப்படுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஓவியம் போலத் தீட்டுகிறேன், நிஜம் எனக்கு முக்கியமில்லை என்று ஒருவர் சொன்னால் கும்பிட்டு ஒதுங்கிவிடுவேன். அதுவும் ஒரு கலைதான். ஆரஞ்சு என்ன, பச்சைத் துருகூட வைக்கட்டும். இல்லை, இந்த விமானம் இரும்பால் ஆனது, அலுமினியமே கிடைக்காத கிரகத்தில் கட்டியது என்று சொன்னாலும் சரி; துரு வைக்க அதுவே நல்ல காரணம். ஆனால் அப்படியென்றால் அந்த விமானம் கனக்க வேண்டும். சக்கரம் பெரிதாக வேண்டும், இறக்கை தடிக்க வேண்டும், எஞ்சின் ஒன்றுக்கு இரண்டாக வேண்டும். 1981-இல் விண்வெளி ஓடத்தின் முதல் இரண்டு பயணங்களுக்குப் பிறகு, வெளித் தொட்டிக்கு அடித்த வெள்ளைப் பெயின்டையே நிறுத்தி ஏறக்குறைய 270 கிலோ மிச்சம் பிடித்தார்கள். வெறும் பெயின்டுக்கே அந்தக் கணக்கு என்றால், முழு இரும்பு விமானத்துக்கு? துரு வைக்க ஆசைப்படுகிறவர் ஷீட்டை அறுக்கும் முதல் நாளே அதை முடிவு செய்துவிடட்டும். கடைசி நாளில், தயாராக விற்கும் துருப் புட்டியைத் திறந்துகொண்டு அல்ல.