பழைய கோடிங்கை அழிக்காதீர்கள்!

ஓவியத்தைச் சுவரில் மாட்டித் தூசு தட்டி வைக்கலாம். பிரவுசரில் ஓடும் கலைப்படைப்பை எப்படிப் பாதுகாப்பது? ஷு லீ சாங் 1998-ல் உருவாக்கிய 'பிராண்டன்' நியூயார்க் குகன்ஹைம் மியூசியம் கேட்டு வாங்கிய முதல் இணையப் படைப்பு. பிரவுசர்கள் ஜாவா ஆப்லெட்டைக் கைவிட்டதும் அதன் சில பகுதிகள் முடங்கின. பைல்கள் பத்திரமாக இருந்தன, ஓட்டத்தான் ஆளில்லை!

2017-ல் சீரமைப்பு முடிந்தது. ஆப்லெட் செய்த வேலையை இப்போது ஜாவாஸ்கிரிப்ட்டும் ஜிப் அனிமேஷன்களும் செய்கின்றன. எனக்குப் பிடித்த விஷயம், பழைய கோடிங்கை டெலீட் செய்யாமல், இயங்காத வரிகளாக அங்கேயே விட்டுவைத்ததுதான். (எங்கள் ஆபீசில் இதைச் செய்தால் திட்டு விழும்.)

எமுலேட்டரில் பழைய பிரவுசரையே ஓட்டலாமே என்பீர்கள். அசலுக்கு நெருக்கமாக இருக்கும், சரி. நாளை அந்த எமுலேட்டரை யார் பராமரிப்பது? என் ஓட்டு, பழையதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாற்றி எழுதுவதற்கே.

பள்ளியில் பிளாஷில் ஓர் அனிமேஷன் செய்தேன். இடம் போதவில்லை என்று எப்எல்ஏ மூலப் பைலை அழித்துவிட்டேன். 2020 டிசம்பருடன் அடோபி பிளாஷ் பிளேயருக்கு ஆதரவை நிறுத்தியது. மிச்சமிருக்கும் எஸ்டபிள்யூஎப் பைல் 'ரபிள்' எமுலேட்டரில் ஓடுகிறது. அதில் என் பெயரில் உள்ள எழுத்துப்பிழையைத் திருத்தத்தான் மூலம் இல்லை.